எண்ணெய் எடுக்கிற மாப்பிள்ளை

ஆத்மநாதனுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் பெண் அமையவில்லை என்றதும் பையனிடம் ஏதோ குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல உயரம், நல்ல குணம், வெற்றிலைகூடப் போட மாட்டான். குறை அவன் வேலையில் இருந்தது. இருபத்தெட்டு நாள் கடலுக்குள், இருபத்தெட்டு நாள் ஊருக்குள் என்று மாறி மாறி இருக்கிற வேலை. "பாதி வருசத்துக்குத்தான் மாப்பிள்ளையா?" என்று கேட்டே மூன்று இடம் தட்டிப்போனது.

அவன் அம்மா உண்ணாமலை என் பெரியம்மா மகள் செல்லம்மாளின் மூத்த பெண். எனக்கு மருமகள் முறை. ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே, மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கருவேலம் என்று கிடக்கிற ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். புருசன் சீக்கிரமே போய்விட்டார். ஒன்றரை ஏக்கரையும் இரண்டு எருமையையும் வைத்துக்கொண்டு ஆத்மநாதனையும் அவன் தங்கை அருணாவையும் ஆளாக்கினாள். அந்தப் பக்கத்தில் சாமி பேரை வைக்காத வீடே இல்லை. இவன் வகுப்பில் மட்டும் நாலு ஆத்மநாதன். வாத்தியார் நம்பர் போட்டுத்தான் கூப்பிட்டாராம். இவன் மூன்றாவது.

மூன்றாவது ஆத்மநாதன் புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, எல்லாரையும் போலச் சிங்கப்பூருக்குப் போனான். கப்பல் யார்டில் வேலை. அங்கே ஒரு பழைய டாங்கர் கப்பலைக் கொண்டு வந்து நிறுத்தி, அதன் முதுகு மேல் ஓர் ஊரையே கட்டினார்கள். குழாய், தொட்டி, வால்வு, படிக்கட்டு, அதற்கு மேலும் குழாய். கடலுக்கு அடியிலிருந்து வருகிற எண்ணெயை அங்கேயே வாங்கி, தண்ணீரையும் வாயுவையும் பிரித்து, தன் வயிற்றிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் கப்பல் அது. இரண்டு வருசம் அதில் வால்வு பூட்டினான். பூட்டி முடித்ததும் அந்தக் கப்பல் கயானாவுக்குக் கிளம்பியது. "ஆறு மாசம் கூட வந்து சரிபார்த்துக் கொடு" என்றார்கள். போனான். ஆறு மாசம் ஆறு வருசமாகிவிட்டது.

கயானா எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டால் பூமிக்கு அந்தப் பக்கம் என்றுதான் சொல்வேன். நமக்குப் பொழுது சாயும்போது அவர்களுக்குக் காலைப் பலகாரம். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற ஊர்கள், கடலைத் தடுக்க நீளமாகச் சுவர், கரும்பு, நெல். ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக நம் ஆட்களைக் கரும்புக் காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போன சீமை. இவனோடு வேலை பார்க்கிற ஒருவருக்கு ஆறுமுகம் என்று பேர். தமிழில் அவருக்குத் தெரிந்தது மாரியம்மா என்கிற ஒரு சொல்தான். "எந்த ஊரு ஆறுமுகம், எந்தக் கூட்டம்னு கேட்டியா?" என்று நான் போனில் கேட்டேன். "அவருக்கே தெரியாது தாத்தா. நீங்க வந்தாக் கண்டுபிடிச்சிருவீங்க" என்றான். போகிற வயதாக இருந்தால் போயிருப்பேன்.

முதன்முதலாக அங்கே எண்ணெய் வந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது மார்கழியில். இவன் அப்போது கப்பலில்தான் இருந்தான். எல்லாரும் அவரவர் வால்வுக்குப் பக்கத்தில் நின்றார்களாம். குழாய் சில்லென்று கிடந்ததாம். கையுறை போட்ட கையை அதன் மேல் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானது, பிறகு சுட்டது. பூமிக்கு உள்ளேயிருந்து வருகிற எண்ணெய் சூடாகத்தான் வருமாம்.

"மொத தடவையா ஒரு கைக்குழந்தையத் தொட்ட மாதிரி இருந்துச்சு தாத்தா" என்றான்.

"கல்யாணம் பண்ணுடா, நெசமாவே தொடலாம்" என்றேன்.

அங்கிருந்து அந்த நாடு ஓடிய ஓட்டம் நம் ஊர் பஸ்கூட ஓடியிராது. முதல் வருசம் நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய். இரண்டாவது கப்பல் வந்தது, மூன்றாவது வந்தது, போன ஆடி கழிந்து நாலாவதும் வந்து சேர்ந்தது. இப்போது நாளைக்கு ஒன்பது லட்சத்தைத் தொட்டுவிட்டது என்கிறான். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஒரு புதுச் சேதி கொண்டு வருவான். மண் ரோடு நாலு வழிச் சாலையானது, பெரிய ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் எழும்பியது, காய்கறி விலை ஏறியது, லாட்ஜில் இடம் கிடைக்காமல் போனது. முதல் கப்பலில் உள்ளூர் ஆட்களை விரல்விட்டு எண்ணலாமாம். இப்போது இவனிடம் தொழில் படித்த உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர் தனியாக வால்வைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். அதைச் சொல்லும்போதுதான் அவன் முகம் அதிகமாகப் பூரிக்கும்.

போன கார்த்திகையில் என் பேரன் பிரசாந்தின் மகளுக்குக் காதுகுத்து. ஆத்மநாதன் அப்போது ஊரில் இருந்தான். மண்டபத்தில் மைக்செட்காரன் காது கிழியப் பாட்டுப் போட்டான். குறைக்கச் சொல்லி நாலு பேர் போய்ச் சொன்னார்கள். தலையை ஆட்டினானே தவிரக் குறைக்கவில்லை. அப்போது ஒரு பெண் எழுந்து போனாள். அவனிடம் ஒன்றும் பேசவில்லை. வயரைப் பார்த்தாள், பிளக்கைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள், திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தாள்.

ஆத்மநாதன் என் பக்கத்தில் குனிந்தான். "அந்தப் பொண்ணு யாரு தாத்தா?"

அது இளமதி. என் வீட்டுக்காரியின் அண்ணன் மகன் அரங்குளவனுடைய ஒரே மகள். திருவரங்குளம் ஒன்றியத்தில் கிழக்குக் கோடி ஊர். ஆலங்குடியில் பள்ளிக்கூட வேலை, கணக்கு டீச்சர். முறை என்று பார்த்தால் அரங்குளவன் உண்ணாமலைக்கு அண்ணனாக வேண்டும். அப்படியென்றால் இவனுக்குத் தாய்மாமன். இதைவிட நேரான முறை தேடினாலும் கிடைக்காது. எனக்கு அன்றைக்கே கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருசத்தில் அவன் வாயைத் திறந்து கேட்ட முதல் பெண் அவள்தான். இது தட்டிப்போனால் இனிமேல் கேட்கவே மாட்டான் என்று உண்ணாமலை சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

தை பிறந்ததும் அரங்குளவன் வீட்டுக்குப் போய்ப் பேச்சை எடுத்தேன்.

"பையனுக்கு என்ன வேலைங்க மாமா?"

"எண்ணெய் எடுக்குற கம்பெனியில. வெளிநாடு. மாசத்துல பாதி லீவு."

"எண்ணெயா? நல்ல தொழிலுங்க. என்னைக்கும் நிக்காது" என்றார் அரங்குளவன். முகம் மலர்ந்துபோனது. நிலக்கடலையும் தென்னையும் போட்டிருக்கிற மனுசர். எண்ணெய் என்றால் அவருக்கு என்ன தோன்றும்? எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு வருசமாக எண்ணெய்க் கப்பல், எண்ணெய்க் கம்பெனி என்றே பேசிப் பழகிவிட்டோம். அவர் கடலை எண்ணெயை நினைத்தார், நான் கப்பல் எண்ணெயை நினைத்தேன். ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சந்தோசமாகக் காப்பி குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

பத்து நாள் கழித்துப் பெண் பார்க்கப் போனோம். நான், உண்ணாமலை, அருணா, ஆத்மநாதன். வாசலில் இரண்டு பலாமரம், ஓலைக் கீற்றுப் பந்தல், நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். வெயிலில் வந்த பையன் தண்ணீர் கேட்டு இரண்டு சொம்பு குடித்தான். பக்கத்துத் தோப்புக்காரி முத்துமாரியம்மாளும் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. கடலை உருண்டை வந்தது, காப்பி வந்தது. இளமதி வந்து வணக்கம் சொல்லிவிட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளும் அவனை நன்றாகத்தான் பார்த்தாள்.

அரங்குளவன் ஆசையாகக் கேட்டார். "தம்பி, ஒரு நாளைக்கு எம்புட்டு எண்ணெய் எடுப்பீங்க?"

"இப்ப நான் இருக்குற கப்பல்ல மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல மாமா."

"லிட்டரா, கிலோவா?"

"பீப்பாய் மாமா. ஒரு பீப்பாய்க்கு நூத்தம்பத்தொம்பது லிட்டர். நாலு கப்பலும் சேந்தா ஒம்பது லட்சம் பீப்பாய். அந்த நாட்டுல மொத்த சனமே எட்டு லட்சந்தான். நம்ம மாவட்டத்துல பாதி. தெனமும் ஆளுக்கு ஒரு பீப்பாய்னு வச்சாலும் மிச்சம் இருக்கும்."

"என்னய்யா, எண்ணெயிலேயே குளிச்சு எண்ணெயிலேயே துவைப்பாங்களா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

அரங்குளவன் விரலை மடக்கிப் பார்த்தார். கணக்குக்குள் வரவில்லை. "அம்புட்டுக் கடலைக்கு எங்கிட்டுப் போவீங்க?"

ஆத்மநாதன் சிரித்தான். கடலைத்தான், அந்தச் சமுத்திரத்தைத்தான், கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான். "கடலுக்கு என்ன மாமா, கரையிலேருந்து இருநூறு கிலோமீட்டர் கடல்தான். ஹெலிகாப்டர்ல போவோம்."

"கப்பல்லயேவா ஆட்டுறீங்க?"

"ஆட்டம் இருக்கும். பழகிரும்."

"புண்ணாக்கு?" என்றார் அரங்குளவன். "புண்ணாக்கை என்ன பண்ணுவீங்க?"

மாமன் கேலி செய்கிறார் என்று நினைத்தான் பையன். கழிவைக் கேட்கிறார் போல என்று வினயமாகப் பதில் சொன்னான். "கூட வர்ற வாயுவை மொதல்ல எரிச்சோம். இப்ப எரிக்க விடுறதில்லை மாமா. திரும்ப பூமிக்குள்ளயே தள்ளிடுவோம்."

"பூமிக்குள்ளயா? மாட்டுக்குப் போடலாமே தம்பி."

அருணா அதற்குள் விசயத்தைப் புரிந்துகொண்டு அண்ணன் விலாவில் இடித்தாள். அவன் நகர்ந்து உட்கார்ந்தானே தவிர நிறுத்தவில்லை. "இது கடலை எண்ணெய் இல்லை மாமா. பூமிக்கு அடியிலேருந்து வர்றது. பெட்ரோல், டீசல் எல்லாம் இதுலதான். எங்க பாசையில பொதுவா ஹைட்ரோகார்பன்னு சொல்லுவோம்."

அரங்குளவன் கையிலிருந்த கடலை உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெட்ரோல் தெரியும், டீசல் தெரியும், எண்ணெய் தெரியும். ஆனால் ஹைட்ரோகார்பன் என்கிற சொல் அவர்களுக்கு வேறு. இரண்டாயிரத்துப் பதினேழில் நெடுவாசல் பக்கமெல்லாம் மண்ணைத் துளைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிற அந்தத் திட்டம் வருகிறது என்று தெரிந்து, சனம் வயலை விட்டு, அடுப்பை விட்டு வந்து நாள் கணக்கில் மரத்தடியில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் போகாத கிழவிகூட அந்த இங்கிலீஷ் சொல்லைப் பிசகாமல் சொன்னாள். அரங்குளவன் அப்போது கடலைச் செடியைப் பிடுங்காமல் காயவிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளமதி போராட்டத்துக்குத் தட்டி எழுதினாள். இந்த ஊர் மாரியம்மன் கோவில் முன்னால் முத்துமாரியம்மாள் கற்பூரத்தை ஏற்றி, ஊரையே அடிக்க வைத்த சத்தியம் ஒன்று உண்டு. 'ஹைட்ரோகார்பன் கம்பெனிக்காரன் எவனுக்கும் இந்த ஊருல பச்சைத் தண்ணி கெடையாது.'

முத்துமாரியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "ரெண்டு சொம்பு குடிச்சிட்டாரேடி ஆத்தா."

யாரும் சிரிக்கவில்லை. அரங்குளவன் தோள் துண்டை எடுத்து மடித்தார். கோபம் இல்லை, குரலில் ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. "பலகாரம் எடுத்துக்கங்க தம்பி. ஒங்களைக் குத்தம் சொல்லலை. நான் சாமி முன்னாடி கையடிச்சவன். தண்ணியே கெடையாதுன்னுட்டு பொண்ணைக் கொடுத்தேன்னா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடப்பேன்?"

உண்ணாமலைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன். எல்லாம் என் வாயால் வந்த வினை. எண்ணெய் என்று சொன்ன அன்றைக்கே எந்த எண்ணெய் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ஒரு நிமிசம்ப்பா" என்றாள் இளமதி. நிலைப்படியை விட்டு வெளியே வந்தாள். "அந்தக் கப்பல்ல உங்களுக்கு என்ன வேலைங்க?"

"வால்வு."

"வால்வுன்னா?"

"ஒழுகாமப் பாத்துக்கறது. ஏதாச்சும் தப்பாப் போனா, மூட வேண்டியதை ஒடனே மூடுறது."

"மூடுறதா?" என்றாள் முத்துமாரியம்மாள். "நாங்களும் அதைத்தானேய்யா ஊரெல்லாம் கத்துனோம். மூடு மூடுன்னு."

இளமதி அப்பாவைப் பார்த்தாள். "மூடுறவர் வந்திருக்காரு. முத்துமாரி அத்தை தோப்புக் குழாயைக் காட்டுவோம்ப்பா. சம்மந்தத்துக்கு இல்லை. சும்மா பாக்கட்டும்."

முத்துமாரியம்மாள் தோப்பின் மூலையில் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. பதினைந்து வருசத்துக்கு முன்பு யாரோ வந்து சோதனை என்று துளை போட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு கனத்த மூடியைப் போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டுப் போனார்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் ஒரு வாடை வரும். ஆடு அங்கே மேயாது. மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது. 'சரியாகத்தான் மூடப்பட்டிருக்கிறது' என்று பதில் வரும், அதோடு சரி.

எல்லாரும் தோப்புக்கு நடந்தோம். விசயம் கேள்விப்பட்டு இன்னும் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் குழாய் பார்க்கப் போகிற கூட்டமாக மாறியது.

வேலை என்று வந்ததும் ஆத்மநாதன் வேறு ஆளாகிவிட்டான். வெட்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிக் காற்று எங்கிட்டு அடிக்கிறது என்று பார்த்தான். "எல்லாரும் இங்கிட்டு வந்துருங்க. பீடி கையில இருந்தா அணைச்சிட்டுத் தூரப் போயிருங்க பெரியப்பா. போனை யாரும் பக்கத்துல கொண்டு வராதீங்க" என்றான். அவன் சொன்ன தோரணைக்குப் பஞ்சாயத்துத் தலைவரே பீடியைக் காலில் போட்டு மிதித்தார்.

"ஒரு வாளித் தண்ணி, துணி துவைக்கிற பவுடர், வெள்ளையடிக்கிற பிரஷ் வேணும்."

"வெள்ளையடிக்கவா கூட்டியாந்தோம்?" என்று ஒருவர் கேட்டார்.

"வீட்டுல கேஸ் சிலிண்டர் மாட்டுனா டியூப்புல சோப்பு நொரை தடவிப் பாப்பாங்கள்ல, அதேதாங்க. கசிஞ்சாக் கொப்புளம் விடும்."

புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு குந்தினான். துருவைத் தட்டிவிட்டு, மூடியைச் சுற்றி நுரையைக் கெட்டியாகப் பூசினான். எட்டுப் போல்ட்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தான். பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஊரே பத்தடி தள்ளிக் குந்தியது. என் முழங்கால் குந்த விடாது. நான் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உண்ணாமலை என் காதருகே வந்தாள். "மாமா, ஒண்ணுமில்லைன்னு சொல்லச் சொல்லுங்க. கசியுதுன்னு சொன்னான்னா இந்தச் சனத்துக்கு எரியுற கோவத்துல எண்ணெய் ஊத்துன மாதிரி ஆயிரும். கொஞ்சநஞ்சம் இருக்குறதும் போயிரும்."

எனக்கும் அதே பயம்தான். இந்தக் குழாய் நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னால் ஊருக்கு நிம்மதி, அரங்குளவன் மனசும் கொஞ்சம் இளகலாம். அவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒரு தடவை இளமதி இருந்த பக்கம் பார்த்தான். திரும்பவும் நுரையைப் பார்த்தான்.

ஐந்தாவது போல்ட்டுக்குக் கீழே கடுகு மாதிரி ஒரு கொப்புளம் கிளம்பியது. மிளகு ஆனது. கடலைப் பருப்பு ஆனது. உடைந்தது. மறுபடியும் கடுகு.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து வந்தான். "கசியுதுங்க" என்றான். "ரொம்பச் சின்னதா. நிமிசத்துக்கு ரெண்டு கொப்புளம். உள்ள இருக்குற கேஸ்கெட் வளையம் செத்துப்போச்சு. இன்னைக்கு ஆபத்து இல்லை, ஆனா இப்படியே விடக் கூடாது."

உண்ணாமலை தலையில் கைவைத்துவிட்டாள். அடுத்த நொடி, நான் எதிர்பார்க்கவே இல்லை, முத்துமாரியம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். "கேட்டுக்கிட்டீங்களாய்யா? பதினஞ்சு வருசமா எனக்கு மூக்குல கோளாறுன்னாங்க. கம்பெனிக்காரன் வாயாலயே வந்துருச்சு." சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கசிகிறது என்று கேட்டு ஓர் ஊர் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

அரங்குளவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கிட்டத்தில் வந்தார். "தம்பி, இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுதித் தாரேன் மாமா. பேரு, ஐ.டி.ஐ. நம்பர், எத்தனை வருசம் இந்த வேலை, எல்லாம் போட்டே தாரேன்."

"ஒங்க வேலைக்கு ஏதும் வந்துறாதே?"

"இருக்குறதை இருக்குன்னு எழுதுறதுதான் மாமா என் வேலையே. அங்கயும் தெனமும் அதைத்தான் எழுதுறேன்."

தோப்பிலேயே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல இளமதி எழுதினாள். எந்தப் போல்ட்டு, எந்த அளவு மூடி, எத்தனை நிமிசத்துக்கு எத்தனை கொப்புளம். தூர நின்று வீடியோவும் எடுத்திருந்தாள். 'கசிவு' என்று அவன் சொன்ன இடத்தில் 'சிறு கசிவு' என்று எழுதுங்க என்று அவனே திருத்தினான். "ஏன், பெருசுன்னு போட்டாத்தானே சீக்கிரம் வருவாங்க?" என்றாள் அவள். "வந்து பாத்துட்டு, பொய் சொல்லிருக்காங்கன்னு திரும்பிப் போயிருவாங்க" என்றான் அவன். அவள் 'சிறு' என்பதை அழுத்தி எழுதினாள்.

கையில் நுரை காய்ந்துபோய் நின்றவனிடம் முத்துமாரியம்மாள் ஒரு சொம்பை நீட்டினாள். "கை கழுவிட்டுக் குடிங்க. கற்பூரம் ஏத்துனவளே தாரேன். நம்ம குழாயைப் பாத்துச் சொன்னவன் கம்பெனிக்காரன் கணக்குல வர மாட்டான். வேற எவனுக்காச்சும் ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிருங்க." ஒருவரும் சொல்லவில்லை. அவளிடம் யார் சொல்வார்கள்? அவன் ஒரே மூச்சில் குடித்தான். அது அன்றைக்கு மூன்றாவது சொம்பு.

இருந்தாலும் அரங்குளவன் அன்றைக்குச் சம்மதம் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று என்னை வழியனுப்பினார். அடுத்த வாரம் ஆத்மநாதன் கடலுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை அரங்குளவனும் முத்துமாரியம்மாளும் கலெக்டர் ஆபீஸில் மனுவைக் கொடுத்தார்கள். போல்ட்டு நம்பர் வரைக்கும் எழுதியிருந்த மனுவைப் பார்த்து அங்கே இருந்தவர் எழுந்து நின்று படித்தாராம். மூன்றாவது வாரம் ஒரு வண்டியில் ஆட்கள் வந்து, கேஸ்கெட்டை மாற்றி, எட்டுப் போல்ட்டையும் புதிதாகப் போட்டு, சுற்றிச் சிமெண்டும் பூசிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் முத்துமாரியம்மாள் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நுரையைத் தடவினாள். ஒரு கொப்புளமும் இல்லை. இளமதி அதை வீடியோ எடுத்துக் கயானாவுக்கு அனுப்பினாள்.

வீடியோ போனது. பதில் வந்தது. பதிலுக்குப் பதில் போனது. மனு விசயமாகத்தான் பேசுகிறார்கள் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். நாங்களும் நம்பினோம்.

அருணாதான் பிறகு எனக்குச் சொன்னாள். இளமதி லேசில் விடவில்லையாம். "எங்க மண்ணுல வேண்டாம்னா, அவங்க கடல்ல மட்டும் சரியா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இவன் இரண்டு நாள் பதில் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அனுப்பினான். 'சரியா என்று எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. இங்கே பெரும்பாலானவர்கள் வேண்டும் என்கிறார்கள், பாலமும் ஆஸ்பத்திரியும் கட்டுகிறார்கள், மீன்பிடிக்கிறவர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள், கடைக்காரர் சிரிக்கிறார், காய்கறி வாங்குகிறவர் திட்டுகிறார். நான் இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.' இவ்வளவுதான் எழுதியிருந்தானாம். அதைப் படித்துவிட்டு அவள், "தெரியலைன்னு எழுதுறதுக்கு ரெண்டு நாளா?" என்று கேட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையையும் போட்டிருக்கிறாள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது என் கணிப்பு.

பங்குனிக் கடைசியில் அரங்குளவன் என் வீட்டுக்கு வந்தார். மோர் வாங்கிக் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், கடலை விலையைப் பற்றிப் பேசினார். எழுந்து செருப்பு மாட்டும்போது, "பொண்ணு சரின்னுருச்சு மாமா" என்றார்.

"நீ?"

"என்னைச் சரின்னு சொல்ல வச்சுருச்சு. ஆனா ஒண்ணு. நிச்சய ஓலையில ஒரு வரி எழுதணும். அதுக்கு அவங்க சம்மதிக்கணும்."

சித்திரையில், பையன் கரைக்கு வந்த ஐந்தாம் நாள், மாரியம்மன் கோவில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். இரண்டு பக்கத்து உறவும் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஓலையைச் சபையில் வாய்விட்டுப் படிப்பது வழக்கம். இன்னார் மகன், இன்னார் பேரன், இன்னார் மகளை என்று முறை சொல்லிப் படிக்க ரகுநாத் என்கிற ஆசிரியரை உட்கார வைத்திருந்தார்கள். பாட்டன் பேரில் இரண்டு இடத்தில் தப்பாகப் படித்தார். நான் திருத்தினேன். பிறகு அந்த வரி வந்தது. ரகுநாத் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒருமுறை தனக்குள் படித்துப் பார்த்துக்கொண்டார்.

"மேற்படி மணமகன், நமது மண்ணில் ஹைட்ரோகார்பன் எடுக்க எந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி வந்தாலும், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், அதில் வேலைக்குச் சேருவதில்லை என்றும், அப்படி வந்தால் மாமனாருடன் மரத்தடியில் உட்காருவதென்றும் சம்மதித்து..."

சபை கொல்லென்று சிரித்தது. உண்ணாமலையின் கொழுந்தனார் ஒருவர், "இது என்னங்க, கல்யாண ஓலையா, கோரிக்கை மனுவா?" என்றார்.

"ரெண்டுந்தான்" என்றாள் முத்துமாரியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து. "மேல படிங்க வாத்தியாரே."

"இன்னொரு வரி இருக்கு" என்றார் ரகுநாத். "இது பொண்ணு எழுதிக் கொடுத்தது. 'மணமகன் கடலில் இருக்கும் இருபத்தெட்டு நாளில் ஒரு நாள்கூடப் போன் பேசாமல் இருப்பதில்லை என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுவதென்றும்.'"

ஆத்மநாதனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அருணா அவன் முதுகில் பேனாவால் குத்தினாள். பேனாவை வாங்கி, முழு ஓலையையும் மேலிருந்து கீழே தானே ஒருமுறை படித்தான். எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடுகிற ஆள். சபை பொறுமையில்லாமல் கனைத்தது. போட்டான். இளமதி போட்டாள். அரங்குளவன் போட்டார். உண்ணாமலை தன் பேரில் ஒரு கொம்பை விட்டுவிட்டுப் போட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

தட்டு மாற்றியதும் எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள். ஆத்மநாதன் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் மாலையோடு நின்றுகொண்டிருந்தான். வாசல் வரை போன அரங்குளவன் திரும்பி வந்தார். தை மாசத்திலிருந்து அன்றைக்குக் காலை வரைக்கும் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுசர், அவன் கையைப் பிடித்தார்.

"எலை போட்டாச்சு மாப்ளே. வாங்க, எம் பக்கத்துல ஒக்காருங்க."